அமெரிக்காவில் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் எம்.எஸ்: அசிஸ்டன்ட்ஷிப் இல்லாமல் போகலாமா?

பாயிண்ட்கார்ட்_கோவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் பி.காம் முடித்தேன். காலேஜ் பேஸ்கட்பால் டீமில் ஆடினேன், கடைசி வருடம் கேப்டன். அதன் பிறகு இங்கேயே ஒரு அகாடமியில் வேலை. பெயருக்குத்தான் கோஆர்டினேட்டர், ஃபீஸ் வசூல், கோச்களுக்கு டைம்டேபிள், சம்மர் கேம்ப், டோர்னமென்ட் நடந்தால் ஃபிக்ஸ்சர் போடுவது, ஸ்கோர் டேபிளில் உட்காருவது என்று எல்லாம் என் தலையில்தான். ஆனால் சொல்லப்போனால் ஆடியதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. இதையே முறையாகப் படிக்கலாமே என்று தேடப்போய்தான் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் என்று ஒரு மேற்படிப்பே இருப்பது தெரிந்தது.

இப்போது அமெரிக்காவில் இரண்டு இடத்தில் அட்மிஷன் வந்திருக்கிறது. முதலாவது மிட்வெஸ்ட் பக்கம் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். எம்.எஸ் ஸ்போர்ட் அட்மினிஸ்ட்ரேஷன், இரண்டு வருடம். கொஞ்சம் ஃபீஸ் குறைத்திருக்கிறார்கள், ஆனால் கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப் (ஜிஏ: பல்கலைக்கழகத்திலேயே பகுதிநேர வேலை, பதிலுக்கு ஃபீஸ் தள்ளுபடியும் கொஞ்சம் கைக்காசும்) தரவில்லை, "வந்த பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். இரண்டாவது ஒரு சின்ன தனியார் காலேஜ். எம்.எஸ் அத்லெடிக் அட்மினிஸ்ட்ரேஷன், ஒரே வருடம், செலவு ஏறக்குறைய பாதி. அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. ஊரில் இருக்கும் மனையை வைத்து லோன் வாங்கலாம் என்கிறார். அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. மாமா வேறு, "விளையாட்டுக்கெல்லாமா எம்.எஸ், பேசாமல் டேட்டா சயின்ஸ் போ" என்று வாரா வாரம் போன் பண்ணிச் சொல்கிறார்.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். இரண்டில் எது? அசிஸ்டன்ட்ஷிப் இல்லாமல் போவது சரியா? இல்லை, இங்கேயே எம்பிஏ ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படித்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாமா? இந்தத் துறையில் உண்மையிலேயே இருப்பவர்கள் சொன்னால் நல்லது. கன்சல்டன்சிக்காரர்கள் தயவுசெய்து வேண்டாம், அவர்கள் மூன்று பேரிடம் பேசிவிட்டேன், மூன்று பேருமே முதலில் கேட்டது பாஸ்போர்ட் நம்பர்.

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் மாமாவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விளையாட்டுக்கு எம்.எஸ் என்பது நேற்றைக்கு முளைத்தது இல்லை. 1957 வாக்கில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீமின் முதலாளி வால்டர் ஓ'மேலி, ஜேம்ஸ் மேசன் என்ற உடற்கல்விப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்டேடியம், ரேஸ் டிராக், அரங்கம் இதையெல்லாம் நிர்வாகம் பண்ணத் தெரிந்த, அதற்கென்றே படித்த ஆள் வேண்டுமென்றால் எங்கே போய்த் தேடுவது என்று அதில் கேட்டிருந்தார். மனிதர் அப்போது டீமையே லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலையில் இருந்தார், கேள்வி சும்மா வந்ததில்லை. மேசன் ஒஹையோ பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு 1966-இல் அங்கே மாஸ்டர்ஸ் படிப்பாகவே அதைத் தொடங்கினார்கள். அடுத்து 1971-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம். இரண்டும் இன்னமும் இந்தத் துறையில் முதல் வரிசைதான். மாமாவின் டேட்டா சயின்ஸ் அப்போது பிறக்கவே இல்லை.

டிவிஷன்2_ஆபீஸ் எழுதியது:

நான் இந்தப் படிப்பு முடித்துவிட்டு இங்கே ஒரு டிவிஷன் 2 (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டின் மூன்று அடுக்கில் இரண்டாவது) பல்கலைக்கழகத்தின் அத்லெடிக்ஸ் துறையில் கம்ப்ளையன்ஸ், அதாவது விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. விவரமாகவே சொல்கிறேன், நீளமானால் திட்டாதீர்கள்.

முதலில் அந்த இரண்டாவது காலேஜ். பேசுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள், வகுப்பு நேரிலா ஆன்லைனிலா? கேட்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. "அத்லெடிக் அட்மினிஸ்ட்ரேஷன்" என்ற பெயரில் வரும் படிப்புகளில் பெரும்பாலானவை இங்கே ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் டீச்சராகவோ கோச்சாகவோ இருக்கிறவர்கள், ஹைஸ்கூல் அத்லெடிக் டைரக்டர் ஆவதற்காகப் படிப்பது. பகலில் வேலை, ராத்திரி லேப்டாப். அவர்களுக்கென்றே என்ஐஏஏஏ என்று ஒரு சங்கம் இருக்கிறது, அதன் சான்றிதழ்ப் பாடங்களையும் பல காலேஜ்கள் இந்தப் படிப்பில் சேர்த்துக் கணக்குக் காட்டும். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது உங்களுக்காகத் தைத்த சட்டை இல்லை. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வருகிறவர் ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் காட்ட முடியும். மீதி எல்லாம் வகுப்பறையில் உட்கார்ந்து படித்ததாக இருக்க வேண்டும். அதோடு ஹைஸ்கூல் வேலைக்குப் பல மாநிலங்களில் டீச்சிங் லைசென்ஸும் கேட்பார்கள். அது வேறு ஒரு பாதை. பாதி விலை என்பதற்காக அதில் விழ வேண்டாம்.

அடுத்தது ஐ-20, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்புகிற படிவம். வந்திருந்தால் முதல் பக்கத்தில் உங்கள் படிப்புக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 31.0504 என்று இருந்தால் அது ஸ்போர்ட் மேனேஜ்மென்ட்டுக்கான வழக்கமான எண், அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. அப்படியென்றால் படித்து முடித்த பிறகு ஓபிடி, அதாவது இங்கேயே வேலை பார்க்க அனுமதி, 12 மாதம், அவ்வளவுதான். ஐடி படிக்கிற பையன்களுக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாதம் உங்களுக்கு இல்லை. அந்த 12 மாதத்திலும் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது. இந்த ஒரு எண்ணுக்காகவே சிலர் ஸ்போர்ட் அனலிடிக்ஸ் பக்கம் போகிறார்கள். அவற்றில் சில வேறு எண்ணில் பதிவாகி ஸ்டெம்மில் வரும். ஆனால் அது புள்ளியியலும் கோடிங்கும். பி.காம் படித்தவரால் முடியாது என்று சொல்லவில்லை, உங்களுக்குப் பிடித்தது ஃபிக்ஸ்சர் போடுவது என்கிறீர்கள், அதனால் யோசியுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறையில் பட்டத்தைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. ஜிஏவாக எங்கே வேலை பார்த்தாய், யாரிடம் பார்த்தாய் என்றுதான் கேட்பார்கள். என்னோடு படித்தவர்களில் ஜிஏ கிடைத்தவர்கள் ஏதாவது ஒரு காலேஜில் ஒட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் ரெஸ்யூமேயில் வகுப்பு ப்ராஜெக்ட்டை எழுதிக்கொண்டு அலைந்தார்கள். ஜிஏ என்றால் ஃபீஸ் தள்ளுபடி, மாதாமாதம் கொஞ்சம் கைக்காசு என்பது மட்டும் இல்லை. அதுதான் படிப்பே. வகுப்பு அதற்கு ஒரு சாக்கு.

என்ன வேலை என்று கேட்டால், கேம் டே அன்று மதியம் போய் ப்ளீச்சர்களை (மடித்து வைக்கிற படிக்கட்டு இருக்கைகள்) இழுத்துவிட வேண்டும், ஷாட் க்ளாக் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ரெஃபரி அறையில் துண்டும் தண்ணீரும், விசிட்டிங் டீம் பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று டிரைவரிடம் கத்த வேண்டும், ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அதே ப்ளீச்சரைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். கம்ப்ளையன்ஸ் என்றால் இன்னொரு மாதிரி. சீசனில் ஒரு வீரரை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைக்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். மேட்ச் நாள் எவ்வளவு நேரம் இழுத்தாலும் 3 மணி நேரம் என்றுதான் கணக்கு. கோச் எழுதித் தருகிற இந்த நேரக் கணக்கை வீரர்களிடம் சரிபார்த்து வாங்கி வைக்கிறது எங்கள் ஆபீஸ். கேட்க லேசாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை "விருப்பமிருந்தால் வாருங்கள்" என்று கோச் கூப்பிட்ட ஷூட்டிங் பிராக்டிஸை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நாற்பது வருடம் சர்வீஸ் போட்ட ஒரு கோச்சிடம் நின்று கேட்கும்போதுதான் தெரியும் எவ்வளவு லேசு என்று.

இன்னொரு எச்சரிக்கை. எஃப்-1இல் இருப்பவர் படிப்பு நடக்கும்போது கேம்பஸில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சீசனில் அத்லெடிக்ஸ் துறை யாரையும் 20 மணி நேரத்தோடு விடாது, அமெரிக்கப் பையன்கள் 40, 50 மணி நேரம் கிடப்பார்கள். நீங்கள் அப்படிக் கிடந்தால் விசாவுக்கே ஆபத்து. ஜிஏ பேசும்போதே இதைச் சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக என் கருத்து: முதல் பல்கலைக்கழகம், ஆனால் ஜிஏ கையில் வந்த பிறகு. "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதை நம்பி மனையை வைக்க வேண்டாம். அட்மிஷனை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒரு வருடம் வரை அனுமதிப்பார்கள்.

கிளவுட்_கண்ணன் எழுதியது:

சிஸ்டர், எதற்கு இவ்வளவு கணக்கு? எச்1பி வேலை விசாவுக்குக் கட்டணம் ஒரு லட்சம் டாலர் என்று ஆக்கிவிட்டார்கள். ஐடி கம்பெனியே கட்ட யோசிக்கிறது, பேஸ்கட்பால் டீம் உங்களுக்காகக் கட்டுமா? கதை முடிந்தது.

டிவிஷன்2_ஆபீஸ் எழுதியது:

கண்ணன் சொல்வதில் பாதி சரி. 2025 செப்டம்பரில் வந்த அந்த உத்தரவு வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கூட்டிவரும் ஆட்களைக் குறிவைத்தது. இங்கேயே மாணவர் விசாவில் இருந்துகொண்டு எச்1பிக்கு மாறுபவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று அக்டோபரில் குடியேற்றத் துறையே விளக்கம் கொடுத்தது. அப்புறம், பல்கலைக்கழகங்கள் எச்1பி யாருக்கு என்று குலுக்கிப் போடுகிற லாட்டரிக்கு வெளியே. வருடத்தில் எந்த மாதமும் அவர்கள் மனுப் போடலாம். என்பிஏ டீமோ ஸ்போர்ட்ஸ் ஏஜென்சியோ லாட்டரிக்குள்தான் வந்தாக வேண்டும், அங்கேயும் இப்போது சம்பளம் கூடுதலாக உள்ளவருக்கே வாய்ப்பு அதிகம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். ஸ்போர்ட்ஸில் தொடக்கச் சம்பளம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்குப் பல்கலைக்கழக அத்லெடிக்ஸ் துறை என்பது பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வியே இல்லை, கிட்டத்தட்ட ஒரே கதவு அதுதான்.

ஆனால் அந்தக் கதவும் இப்போது கொஞ்சம் இறுகிப்போய் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூனில் காலேஜ் விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் மேல் வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குக் கோர்ட் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி டிவிஷன் 1 பல்கலைக்கழகங்கள் விருப்பப்பட்டால் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தப் பணம் வானத்திலிருந்து விழாது. அமெரிக்கக் கால்பந்துக்கும் பேஸ்கட்பாலுக்கும் போகிற காசை மற்ற இடத்தில் பிடிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கால் பாலி தன் நீச்சல் அணியையே 2025இல் மூடிவிட்டது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் அதே வருடம் மார்ச்சில் தேசியப் பேஸ்கட்பால் போட்டியில் ஆடிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் டிவிஷன் 3-க்கு இறங்கப்போவதாக அறிவித்தது. ஆள்குறைப்பும் பல இடங்களில் நடக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கம்ப்ளையன்ஸ் ஆட்களுக்கு மட்டும் வேலை கூடியிருக்கிறது. 600 டாலருக்கு மேல் விளம்பரம் மாதிரி எந்த வெளி ஒப்பந்தம் போட்டாலும் டிவிஷன் 1 வீரர் அதைப் பதிவு செய்ய வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்கவும் துரத்திப் பிடிக்கவும் ஆள் வேண்டுமே. சட்டம், கணக்கு, எக்செல் இவற்றில் பயமில்லாதவருக்கு இது நல்ல நேரம். பி.காம் இங்கே உதவும், நிஜமாகவே.

மேட்ச்டே_சென்னை எழுதியது:

மேலே எழுதியவர் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சொல்கிற வேலை அத்தனையும் அமெரிக்காவில் மட்டுமே இருக்கிற வேலை. காலேஜே டீம் நடத்தி, அதை டிவியில் காட்டிக் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற ஏற்பாடு உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. என்சிஏஏ விதிப்புத்தகத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் இங்கே அதை எங்கே போய் ஒப்பிப்பது? ஆகவே முதல் கேள்வி எந்தக் காலேஜ் என்பது இல்லை, எந்த ஊரில் வேலை பார்க்கப்போகிறீர்கள் என்பது.

நான் சென்னையில் ஈவன்ட் ஆபரேஷன்ஸ். எனக்கு இந்தப் பட்டம் எதுவும் இல்லை, மெக்கானிக்கல் படித்தவன். 2022 செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்ததே, ரஷ்யாவிடமிருந்து கைமாறி வந்ததால் தயாரிப்புக்கு நான்கு மாதம்தான் கிடைத்தது. ஓபன் பிரிவில் மட்டும் 188 அணிகள். விமான நிலையத்தில் வரவேற்பு மேசை, அடையாள அட்டை, எந்த நாட்டு அணி எந்த ஹோட்டல், எந்த பஸ் ஈசிஆரில் எத்தனை மணிக்குக் கிளம்பும், யாருக்குச் சைவம், யாருக்கு ஹலால் என்று இரவெல்லாம் ஒரு ஷீட்டைத் திருத்திக்கொண்டே இருப்போம். ஒரு அணியின் பெட்டி மட்டும் துபாயில் நின்றுவிட்டது என்றால் அதுவும் நம் தலையில்தான். அங்கே நான் கற்றதை எந்த வகுப்பிலும் கற்றிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் கேலோ இந்தியா யூத் கேம்ஸ், 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை என்று தமிழ்நாட்டில் வரிசையாக வேலை இருந்தது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு இப்போதிருந்தே ஆள் எடுப்பார்கள்.

இங்கே படிக்கவும் இடம் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் இருக்கிற தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் உண்டு, அமெரிக்கா ஃபீஸோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. புனேயில் சிம்பயாசிஸ் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பதென்றால் ஐஐஎம் ரோத்தக்கில் எக்ஸிக்யூட்டிவ் டிப்ளமா இருக்கிறது.

சுகமான வேலை என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் கான்ட்ராக்ட், சீசன் முடிந்தால் போன் அடிக்காது. ஐஎஸ்எல் கால்பந்து லீக் கதையைப் பார்த்தீர்களே, கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக் நடத்துகிற நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் 2025-26 சீசன் இழுத்தடிக்கப்பட்டது, சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆனாலும் மனையை அடகு வைத்துவிட்டுப் பனியில் ப்ளீச்சர் தள்ளுவதைவிட இது மேல் என்பது என் கட்சி.

பாயிண்ட்கார்ட்_கோவை எழுதியது:

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி.

ஐ-20ஐ எடுத்துப் பார்த்தேன், அதே 31.0504தான். இத்தனை நாளாக அந்த எண்ணை ஏதோ ரோல் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தனியார் காலேஜுக்கு மெயில் போட்டேன். "ஹைப்ரிட்" என்கிறார்கள், நோண்டிக் கேட்டால் ஒரு செமஸ்டருக்கு இரண்டு வார இறுதி மட்டும்தான் நேரில். அதை விட்டுவிட்டேன்.

மேட்ச்டே அண்ணா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் உண்மையான பதில் இல்லை. பெண்கள் பேஸ்கட்பாலுக்கு இங்கே ஒரு நிலையான லீக்கே கிடையாது. அமெரிக்காவில் ஒரு சாதாரண காலேஜிலேயே பெண்கள் டீமுக்கு முழுநேர கோச், ட்ரெயினர், பஸ், ஹோட்டல் என்று பார்க்கும்போது அங்கே வேலை செய்ய வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. பின்னால் திரும்பி வந்தால் என்ன பண்ணுவது என்பதற்கு, ஏதாவது காலேஜில் ஃபிசிக்கல் டைரக்டர் ஆகிவிடலாம் என்று ஒரு நினைப்பு. அது நடக்குமா?

பி.டி.வாத்தியார் எழுதியது:

அம்மா, அது நடக்காது. நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். யுஜிசி விதிப்படி காலேஜ் ஃபிசிக்கல் டைரக்டருக்கு உடற்கல்வியிலோ விளையாட்டு அறிவியலிலோ முதுகலைப் பட்டம் 55 சதவீதத்தோடு வேண்டும், அதன் மேல் நெட் அல்லது செட். மேனேஜ்மென்ட் பட்டம் அதில் வராது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் சமநிலைச் சான்று என்று இன்னொரு அலைச்சல். அந்த வேலைதான் குறி என்றால் பேசாமல் பி.பி.எட், எம்.பி.எட் படித்துவிடு. நிர்வாகத்தில்தான் ஆசை என்றால் ஃபிசிக்கல் டைரக்டர் வேலையை மாற்றுவழியாக வைத்துக்கொள்ளாதே, இரண்டும் வேறு.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். 2025இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. சம்மேளனங்கள் எல்லாம் ஒரு தேசிய வாரியத்தின் அங்கீகாரத்துக்குக் கீழே வரவேண்டும், தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம், பெண் வீராங்கனைகள், சிறுவர்களின் பாதுகாப்புக்கு விதிமுறை, புகார் கேட்க ஒரு ஏற்பாடு. இதுவரை சம்மேளன ஆபீஸ் என்றால் செயலாளர் வீட்டு மாடியில் ஒரு பீரோ, ஒரு லெட்டர்பேட். இனிமேல் விதி படித்து, கோப்பு பராமரித்து, கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள் இல்லாமல் ஓட்ட முடியாது. மேலே அந்தத் தம்பி கம்ப்ளையன்ஸ் என்று எழுதியிருக்கிறாரே, இங்கே ஒப்பிக்க இடமில்லை என்று சென்னைத் தம்பி சொல்வதை நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். விதிப்புத்தகம் வேறாக இருக்கலாம், வேலை அதே வேலைதான். உடனே வருமா என்றால் வராது. நம் சம்மேளனங்களை எனக்குத் தெரியும்.

லெஸ்டர்_மழை எழுதியது:

யாரும் ஐரோப்பாவைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். இங்கிலாந்தில் ஒரே வருடப் படிப்பு, லஃப்பரோ மாதிரி இடங்கள். முடித்த பிறகு இரண்டு வருடம் வேலை தேடலாம், ஆனால் 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். ஃபிஃபா மாஸ்டர் என்று ஒன்று உண்டு, 2000இல் தொடங்கியது. லெஸ்டர், மிலன், நூஷாதெல் என்று மூன்று ஊரில் மூன்று பல்கலைக்கழகங்களில் படிக்க வேண்டும், வகுப்புக்குச் சுமார் 30 பேர்தான். சர்வதேச சம்மேளனங்களுக்குள் நுழைய அதைவிட நல்ல வழி குறைவு, ஆனால் செலவைக் கேட்டால் மனையோடு கடையையும் சேர்த்து வைக்க வேண்டி வரும். உங்கள் மனசு காலேஜ் பேஸ்கட்பாலில் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். இங்கே யுனிவர்சிட்டி ஸ்போர்ட் என்பது புதன்கிழமை மதியம் ஆடிவிட்டு ராத்திரி பப்புக்குப் போவது.

பாயிண்ட்கார்ட்_கோவை எழுதியது:

பி.டி. சார், நேராகச் சொன்னதற்கு நன்றி. அந்த நினைப்பை எடுத்துவிட்டேன்.

முதல் பல்கலைக்கழகத்தில் கேட்டேன், அட்மிஷனை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டார்கள், ஸ்காலர்ஷிப் மட்டும் மறுபடி பரிசீலனையாம். வீட்டில் அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார். டிவிஷன்2 அண்ணா, ஜிஏவுக்கு இங்கிருந்தே எப்படித் தேடுவது? டிபார்ட்மென்டில் கேட்டால் "எங்களிடம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

டிவிஷன்2_ஆபீஸ் எழுதியது:

டிபார்ட்மென்ட் என்பது பாடம் நடத்துகிறவர்கள். அவர்களிடம் ஜிஏ ஒன்றிரண்டுதான் இருக்கும், அதுவும் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு. நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. ஒன்று அத்லெடிக்ஸ் துறை. அதன் இணையதளத்தில் ஸ்டாஃப் பட்டியல் இருக்கும், ஃபெசிலிட்டீஸ், கேம் ஆபரேஷன்ஸ், கம்ப்ளையன்ஸ், டிக்கெட் என்று ஒவ்வொருவர் பெயரும் மெயிலும் போட்டிருப்பார்கள். என்சிஏஏவின் வேலைப் பலகையிலும் டீம்வொர்க் ஆன்லைன் என்கிற விளையாட்டு வேலைத் தளத்திலும் பார்த்துக்கொண்டே இருங்கள், பிப்ரவரியிலிருந்து மே வரை அதிகம் வரும்.

இன்னொரு கதவு நம் ஆட்கள் கண்ணில் படவே படாது: கேம்பஸ் ரிக்ரியேஷன். அது அத்லெடிக்ஸ் இல்லை. சாதாரண மாணவர்கள் ஆடுகிற ஜிம், நீச்சல்குளம், இன்ட்ராமுரல் லீக் (கேம்பஸுக்குள்ளேயே மாணவர்கள் தங்களுக்குள் ஆடுவது) இவற்றை நடத்துகிற துறை. இன்ட்ராமுரலில் ஒரே ராத்திரி நான்கு கோர்ட்டில் பேஸ்கட்பால் ஓடும். ரெஃபரியாக நிற்பது படிக்கிற பையன்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஷெட்யூல் போட்டு, சண்டை வந்தால் விலக்கிவிட ஒரு ஜிஏ வேண்டும். நீங்கள் கோவையில் பார்த்தது அப்படியே இந்த வேலைதான். அங்கே 20 மணி நேர வரம்பையும் பெரும்பாலும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள். இந்த ஒரு வருடத்தில் பேஸ்கட்பால் ரெஃபரி தேர்வு ஏதாவது எழுதி ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

மெயிலில் "சின்ன வயதிலிருந்தே எனக்கு விளையாட்டு என்றால் உயிர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் ஆபீஸுக்கு வருகிற எல்லா மெயிலும் அப்படித்தான் தொடங்குகிறது, அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை. எத்தனை டீம் வந்த டோர்னமென்டை நடத்தினீர்கள், எத்தனை கோர்ட், எத்தனை நாள், மழை வந்தபோது ஃபிக்ஸ்சரை எப்படி மாற்றினீர்கள், அதை எழுதுங்கள். ஃபிக்ஸ்சர் ஷீட் ஒன்றையும் இணைத்துவிடுங்கள். ஐந்தாறு வரிக்கு மேல் போக வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போடுங்கள், இங்கே யாரும் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை.

மேட்ச்டே_சென்னை எழுதியது:

ஒரு வருடம் கையில் இருக்கிறது இல்லையா, அப்படியென்றால் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த பெரிய ஈவன்ட்டுக்கு வாலன்டியர் கோஆர்டினேட்டர் தேடும்போது இங்கேயே போடுகிறேன். காசு பெரிதாக இருக்காது, ரயில் டிக்கெட்டும் சாப்பாடும் உண்டு. ரெஸ்யூமேயைத் தமிழில் வேண்டாம், இங்கிலீஷில் ஒரே பக்கத்தில் தயார் பண்ணி வையுங்கள்.